14 கோல் விழுந்த மைதானம்: புவனேஸ்வரும் ரூர்கேலாவும்

சென்னை சென்ட்ரலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் புவனேஸ்வருக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இருபது மணி நேரம். இறங்கியதும் பாதிக் கூட்டம் லிங்கராஜர் கோயில் பக்கம் போகும். ஹாக்கி பைத்தியங்கள் ஆட்டோக்காரரிடம் சொல்வது ஒரே இடம்தான்: நயாபள்ளி, கலிங்கா ஸ்டேடியம்.

அந்த நீல டர்ஃபில்தான் (செயற்கைப் புல்தரை) 2023 ஜனவரி 19 அன்று நெதர்லாந்து சிலியை 14-0 என்று அடித்தது. ஆண்கள் உலகக் கோப்பையில் இதுதான் மிகப் பெரிய வித்தியாசம். அதற்கு முந்தைய சாதனையும் நம் ஊரில் நடந்ததுதான்: 2010இல் டெல்லியில் ஆஸ்திரேலியா தென்னாப்பிரிக்காவை 12-0 என்று அடித்தது. இத்தனைக்கும் அதே சிலி சில நாள் முன்பு நியூஸிலாந்திடம் 3-1, மலேசியாவிடம் 3-2 என்று கௌரவமாகத்தான் தோற்றிருந்தது. முதல் உலகக் கோப்பை ஆடிய அணிக்கு அது மோசமே இல்லை.

இப்படி ஒரு ஸ்கோரைப் பார்த்ததும் கேலரியில் எழும் முதல் குரல், "கீப்பர் சரியில்லப்பா." அநேகமாக எப்போதும் தப்பான தீர்ப்பு. காப்பவர்கள் கோல் அருகே தப்பு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பவர்கள் கீப்பரையும் சேர்த்து ஐந்தே பேர். மீதி ஆறு பேர் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். பந்து ஆட்டத்துக்கு வந்தபின் ஓடி வந்தாலும் எட்டாது. கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். கோலுக்கு முன்னால் வளைந்து கிடக்கும் டி என்ற கட்டத்துக்கு வெளியே ஒருவர் நிறுத்துவார், மற்றவர் ஸ்டிக்கோடு பந்தை இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் எடுப்பார். டி-யின் ஆரம் 14.63 மீட்டர். நல்ல ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். கீப்பருக்குக் கிடைப்பது சுமார் அரை வினாடி. சாதாரணமாக ஓங்கி அடித்தால் முதல் அடி 46 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் கோலுக்குள் போகக் கூடாது. ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கீப்பரின் தோளுக்கு மேலே போனாலும் கோல்தான்.

அதனால் முகமூடியும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு முதலில் பாய்கிறாரே, அவரைப் பாருங்கள். அவர் ஒரு பக்கத்தை அடைக்க வேண்டும், கீப்பர் மறுபக்கத்தை. கோட்டில் கம்பத்தை ஒட்டி நிற்பவர் மிச்ச இடத்தைப் பார்த்துக்கொள்வார். ஓடுபவர் அரை அடி தப்பான கோணத்தில் போனால் கீப்பரும் அவரும் ஒரே பக்கத்தை மறைப்பார்கள், மறுபக்கம் வாசலாகத் திறந்து கிடக்கும். சரி, கொஞ்சம் முன்னாடியே பாய்ந்தால்? நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பதில் ஆளும் கிடையாது. நாலு பேரோடு காக்க வேண்டும். ஆறு ஏழு கோல் வாங்கிப் பதறிய அணி செய்யும் தப்பு இது.

அத்தனை பெனால்டி கார்னர் எப்படிக் கிடைக்கிறது என்பது இன்னும் சுவாரஸ்யம். பலமான அணி டி-க்குள் வந்ததும் எப்போதும் கோலைக் குறி வைப்பதில்லை. காப்பவரின் காலைக் குறி வைக்கும். பந்து பூட்ஸில் பட்டால் போதும், விசில். பலவீனமான அணியின் பேக்குகளுக்குப் பந்தை வெளியே எடுத்துப்போக வழி தெரியாதபடி மேலே ஏறி வந்து நெருக்குவார்கள். அவசரத்தில் அடித்த பந்து எதிரி ஸ்டிக்கிலேயே போய் நிற்கும், அடுத்த நொடி மறுபடி டி-க்குள். இடையில் ஒரு பச்சை அட்டை என்றால் இரண்டு நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம் பத்துப் பேரோடு ஆட்டம். ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதும் பெரிய அணிக்குத்தான் லாபம்: அவர்களின் பெஞ்சிலிருந்து வருபவரும் அதே தரம். 15 நிமிடக் கால் பகுதிகள் நாலில் கடைசி இரண்டில் கோல் கொட்டுவது இதனால்தான்.

எங்கே உட்காருவது? நடுக்கோட்டுக்கு நேர் இருக்கைக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். கோலுக்குப் பின்னால் கொஞ்சம் உயரமான வரிசைதான் நல்லது. நெருக்கடியில் அணி எப்படிக் குலைகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். தோற்கப்போகிற அணி முதல் பாதியில் எந்தக் கோலை நோக்கி அடிக்குமோ, அதற்குப் பின்னால் இடம் பிடியுங்கள். இடைவேளைக்குப் பின் பக்கம் மாறுவதால் அவர்கள் காக்க வேண்டிய கோல் அதுவாகிவிடும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் டர்ஃபில் தண்ணீர் பீய்ச்சுவதையும் கார்னர் பயிற்சியையும் பார்க்கலாம். பந்தை நிறுத்துபவரின் ஸ்டிக்கில் பந்து துள்ளுகிறதா என்று கவனியுங்கள். துள்ளினால் அந்த அணிக்கு அன்று கார்னரில் கோல் வருவது கஷ்டம்.

அங்கிருந்து ரூர்கேலா போகாமல் திரும்புவது பாவம். புரியிலிருந்து ஹட்டியா போகும் தபஸ்வினி எக்ஸ்பிரஸ் புவனேஸ்வர் வழியாகத்தான் போகிறது, ஒரு ராத்திரிப் பயணம். ஜனவரி என்றால் ஸ்வெட்டர் அவசியம். பிர்சா முண்டா ஸ்டேடியத்தில் 20,000 பேருக்கு மேல் உட்காரலாம்; திறந்தது 2023 ஜனவரியில்தான். ஊர்க்காரர்களுக்கு ஹாக்கி அதற்கு ரொம்ப முந்தியது. இந்திய அணிக்கு ஆடிய திலீப் திர்க்கியும் அமித் ரோகிதாஸும் இதே சுந்தர்கர் மாவட்டத்தில் சௌனாமாரா என்ற ஒரே கிராமத்துக்காரர்கள். கிராமப் போட்டிகளில் பரிசு ஆட்டுக்கடா. கோலுக்கு மட்டுமல்ல, சுத்தமான ஒரு டேக்கிளுக்கும் கை தட்டும் கூட்டம் இங்கே உண்டு.

அதே 2023 உலகக் கோப்பையில் இந்தியா ஸ்பெயினை 2-0 என்று வென்றதும், இங்கிலாந்தோடு 0-0 என்று முடித்ததும் இங்கேதான். அந்த 0-0தான் பிறகு கழுத்தை அறுத்தது. சிலி அடி வாங்கிய அதே நாள், அதே கலிங்காவில், இங்கிலாந்து ஸ்பெயினை 4-0 என்று முடித்து கோல் வித்தியாசத்தை +9 ஆக்கியது. அடுத்து இறங்கிய இந்தியா குழுவில் முதலிடம் பிடிக்க வேல்ஸை எட்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். வேல்ஸுக்கும் அது முதல் உலகக் கோப்பை, முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. ஆனாலும் மூன்றாவது கால் பகுதியின் கடைசி நிமிடங்களில் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கினார்கள். முடிவு 4-2. இரண்டாமிடத்தில் நின்ற இந்தியா, காலிறுதிக்கு முந்தைய கூடுதல் ஆட்டமான கிராஸ்ஓவரில் நியூஸிலாந்தோடு 3-3 என்று முடித்து, ஷூட் அவுட்டில் 5-4 என்று தோற்று வெளியேறியது.

திரும்பும் ரயிலில் ரசிகர்கள் யாரையாவது திட்டத் தொடங்கினால், வேல்ஸுக்கு எட்டு கோல் போடாததைப் பற்றித்தான் பேசுவார்கள். இங்கிலாந்துக்கு எதிராக உள்ளே போகாத கார்னர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், விஜயநகரம் வரும்வரை பேச்சு ஓடும்.