பிஷப்பம்மான்னு போட்டு வாங்கிக் கட்டிக்கிட்ட கதை

நான் ஒரு சபை பத்திரிகையில டைப்பிங், ப்ரூஃப், லேஅவுட் எல்லாம் பாத்த காலம், மகளிர் ஞாயிறு இதழுக்கு ஒரு பக்கம் காலியா இருந்துச்சு, உலகத்தோட முதல் லுத்தரன் பெண் பேராயர் மரியா யெப்சன் பத்தி நீயே எழுதிருன்னு ஆசிரியர் ஐயா சொல்லிட்டாரு.

தேடிப் படிச்சா நிறைய கிடைச்சுது. 1945ல வடக்கு ஜெர்மனில பிறந்தவங்க, 1972ல போதகர் அபிஷேகம், அப்புறம் மெல்டோர்ஃப், லெக்னு ரொம்ப வருஷம் சின்ன ஊர் சபைகள்ல ஊழியம். ஹாம்பர்க் பேராயரா தேர்ந்தெடுத்தது 1992 ஏப்ரல் 4. (அதே வருஷம் ஜூன்ல அமெரிக்காவுல லாகிராஸ்ல ஏப்ரல் லார்சன்னு இன்னொரு அம்மாவும் லுத்தரன் பேராயரா தேர்வானாங்க. ரெண்டே மாச வித்தியாசம், ஆனா முதல்ங்கிற பேர் ஒருத்தருக்குத்தானே.)

எல்லாம் எழுதிட்டு போட்டோவுக்கு கீழ "பிஷப்பம்மா மரியா யெப்சன்"னு மரியாதையாத்தான் போட்டேன். இதழ் போன மறுநாளே ஒரு பெரியவர் போன் பண்ணி, "ஏன் தம்பி, அம்மாவோட வீட்டுக்காரர் எந்த ஊர் பிஷப்பு, அவர் பேரையே காணோமே"ன்னு கேட்டாரு பாருங்க, அப்பதான் எனக்கு உறைச்சுது. நம்ம சபைல பாஸ்டரம்மான்னா பாஸ்டர் சம்சாரம், பிஷப்பம்மான்னா பிஷப் சம்சாரம். அந்தம்மா வீட்டுக்காரரும் போதகர்தான், ஆனா பிஷப் இல்ல. 18 வருஷம் அந்தப் பதவில இருந்தவங்கள ஒரே வார்த்தையில வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

இதவிட எனக்கு மனசு கேக்காதது வேற ஒண்ணு. 2010 ஜூலைல அவங்க ராஜினாமா பண்ணாங்க. ஹாம்பர்க் பக்கத்துல ஆரென்ஸ்பர்க்ங்கிற ஊர்ல ஒரு போதகர் பல வருஷம் முன்னாடி பிள்ளைங்ககிட்ட தப்பா நடந்த விஷயம் வெளிய வந்தப்போ, 1999லயே இவங்க காதுக்கு வந்துச்சு, ஒழுங்கா விசாரிக்கலன்னு பத்திரிகைகள் எழுதுச்சு, அவங்க அத மறுத்தாங்க, ஆனாலும் என் பேச்சுல நம்பிக்கை போயிருச்சுன்னா இந்த ஊழியத்த செய்ய முடியாதுன்னு விலகிட்டாங்க. இத நான் ரெண்டு பாராவா எழுதியிருந்தேன். ஐயா சிவப்பு பேனாவால மொத்தமா அடிச்சிட்டு, "மகளிர் ஞாயிறும் அதுவுமா இது எதுக்குப்பா, நல்லதா நாலு வார்த்தை போடுவோம்"ன்னாரு. எனக்கென்னமோ முதல் பெண்ணுங்கிறத விட இதுதான் பெரிய விஷயமா பட்டுச்சு, நாற்காலில உக்காந்த தேதியை மட்டும் போட்டு எழுந்திருச்ச காரணத்த மறைச்சா அது என்ன வாழ்க்கை வரலாறு? அப்ப வாயத் தொறக்கல, சம்பளம் வாங்குறவன்.

அடுத்த இதழ்ல கடைசிப் பக்கத்துல திருத்தம் போடச் சொன்னாரு. 'பிஷப்பம்மா என்பதைப் பேராயர் எனத் திருத்தி வாசிக்கவும்'னு போட்டுட்டு, கீழயே '1992 முதல் 2010இல் ராஜினாமா செய்யும் வரை பணியாற்றினார், காரணம்...'னு ரெண்டு வரி பொடி எழுத்துல சேத்துவிட்டேன். ஐயா திருத்தமெல்லாம் படிக்க மாட்டாரு. போனும் ஒண்ணும் வரல.