வெட்டுக்கு வெளியே எட்டு ஃப்ரேம்

1991-ல் கோடம்பாக்கத்தில் உதவி எடிட்டராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, வெட்டிப் போட்ட ஃபிலிம் துண்டுகளைப் பத்திரப்படுத்துவது. ஒற்றை ஃப்ரேமாக இருந்தாலும் தூக்கிப் போடக் கூடாது. எந்த ஷாட், எந்த டேக் என்று எழுதி உறையில் போட்டு வைக்க வேண்டும். 35 எம்.எம். ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். தபால்தலை அளவுள்ள ஒரு துண்டுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று அப்போது புரியவில்லை.

சீக்கிரமே புரிந்தது. மூவியாலா என்ற எடிட்டிங் மெஷினில் நாங்கள் வெட்டியது ரஷ் பிரிண்ட், அதாவது நெகட்டிவிலிருந்து போட்ட நகல். டேப் போட்டு ஒட்டலாம், பிரிக்கலாம், மறுபடி ஒட்டலாம். அதைப் பார்த்துக் கடைசியில் வெட்டும் அசல் நெகட்டிவ் அப்படியில்லை. ஓரத்தைச் சுரண்டி, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி, சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டுக்கே பக்கத்து ஃப்ரேம் போய்விடும். அதனால் ஒரு ஷாட்டை நடுவில் வெட்டி, எதிரில் இருப்பவர் முகத்தைக் காட்டிவிட்டு அதே ஷாட்டுக்குத் திரும்பினால், இடையில் ஒரு ஃப்ரேமாவது விட வேண்டும். நான் ஒட்டிய ஒரு வசனக் காட்சியில் அதை விடவில்லை. நெகட்டிவ் கட்டிங் செய்த அண்ணன் வெள்ளைக் கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்து, "தம்பி, இங்க நான் எதைப் பிடிச்சு ஒட்டுறது?" என்று கேட்டார். திட்டவில்லை. அவர் கத்தரி வைக்கும் முன் கேட்டதால் அந்தக் காட்சி பிழைத்தது.

டிசால்வுக்கும் இதே கணக்குதான். பிரிண்டில் கிரீஸ் பென்சிலால் குறுக்குக் கோடு இழுப்போம். லேபில் இரண்டு ஷாட்டையும் ஆப்டிகல் பிரிண்டரில் ஏற்றி, புது நெகட்டிவ் எடுப்பார்கள். ஒன்று கரைந்து மற்றொன்று வர, வெட்டுக்கு அப்பாலும் இரண்டிலும் படம் மிச்சம் இருக்க வேண்டும். நகலின் நகல் என்பதால் அந்த இடத்தில் படம் கொஞ்சம் பொரிபொரியாகத் தெரியும். பழைய படங்களில் டிசால்வ் வரப்போவதை இன்றும் என் கண் முன்கூட்டியே பிடித்துவிடும்.

இரட்டை வேடத்துக்கு மாஸ்க் ஷாட். கேமராவை அசையாமல் பூட்டி, பாதி ஃப்ரேமை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை எடுப்பார்கள். நடிகர் கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் கை மறைந்துவிடும். 1994-ல் 'காதலன்' பாட்டில் ஆள் மறைந்து உடை மட்டும் ஆடியதைப் பார்த்தபோது, எங்கள் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கம்ப்யூட்டர் எடிட்டிங் வந்தது. துண்டுகளை உறையில் போடும் வேலையே போயிற்று.

வசதிதான், மறுக்கமாட்டேன். ஒரே காட்சியைப் பத்து விதமாக வெட்டிப் பார்க்க முடிகிறது. ஆனால் ஒரு வெட்டை மாற்றுவதன் உழைப்பு தீர்ந்துபோகவில்லை. என் கண்ணுக்குத் தெரியாத ஓர் அறைக்கு இடம் மாறிவிட்டது. மூன்று நொடி ஷாட் என்றால் 72 ஃப்ரேம். கிராஃபிக்ஸுக்கு அனுப்பும்போது, பின்னால் வெட்டு நகர்ந்தால் உதவட்டும் என்று இரண்டு பக்கமும் எட்டெட்டு ஃப்ரேம் சேர்த்து அனுப்புகிறோம். ஹேண்டில்ஸ் என்று பெயர். செலவு ஏறுகிறது என்று அதையும் குறைக்கச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த எட்டைத் தாண்டி நான் வெட்டை இழுத்தால், எங்கோ ஒருவர் மறுபடி உட்கார்ந்து ஃப்ரேம் ஃப்ரேமாக வரைய வேண்டும். மாடியேறி வந்து என்னிடம் கேட்க அவருக்கு வழியில்லை.

போன மாதம் நானே அங்கே போனேன். ஒரு பெண், நாயகியின் பறக்கும் கூந்தலைப் பின்னணியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். ரோட்டோ வேலை. அந்த ஒரு ஷாட்டில் ஒன்பதாவது நாள். என்னை அறிமுகம் செய்ததும் எழுந்து நின்று, "சார், இந்த ஷாட் இனிமே மாறாதுல்ல?" என்று கேட்டார்.

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி அந்த ரீலை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். மூன்று ஷாட்களில் கை வைப்பதாக இருந்தேன். இரண்டை அப்படியே விட்டேன். மூன்றாவது அந்தக் கூந்தல் ஷாட். வெட்டை ஐந்து ஃப்ரேம் தள்ளினேன், ஹேண்டிலுக்குள்ளேயே அடங்கியது. காலையில் முதல் வேலையாக அவருக்குப் போன் செய்து சொன்னேன்.