பழைய எம்ஜிஏ-வுக்கு ரேஸ் டயர்: லைம் ராக் போய்ச் சேருவதற்குள் பட்ட பாடு

கார் எப்போதோ தயாராகிவிட்டது. ரோல் பார், பெல்ட், தீயணைப்பான் எல்லாம் மாட்டியாயிற்று, ரேஸ் ஓட்டத் தகுதி என்று கழகம் தரும் லாக் புக்கும் கைக்கு வந்துவிட்டது. அந்த வேலைகளில் சொல்லிக்கொள்ளும்படி எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கியது டயரில்தான். பாதி சீசன் அதிலேயே போயிற்று, இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அடுத்து இதே வேலையில் இறங்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் வண்டி 1960-ஆம் வருடத்து எம்ஜிஏ 1600 ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் ஆபிங்டன் ஆலையில் செய்தது. மொத்தம் 1,01,081 எம்ஜிஏ செய்தார்கள். அதில் உள்நாட்டில் விற்றது 5,869 மட்டுமே. பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் வந்தது. அதனால் கனெக்டிகட்டில் உட்கார்ந்துகொண்டே வண்டியும் கிடைக்கிறது, உதிரி பாகமும் கிடைக்கிறது. ஓட்டுவது லைம் ராக் பார்க்கில். 1957-இல் திறந்த ஒன்றரை மைல் டிராக்.

முதலில் விதி. பழைய கார் ரேஸில் ஒவ்வொரு கழகத்துக்கும் டயர் விதி வேறு. சில இடங்களில் அந்தக் காலத்து அளவும், தரையில் படும் பட்டை அந்தக் காலத்து மாதிரியிலும் இருந்தே ஆக வேண்டும். சில இடங்களில் 60 சீரிஸ் வரை, அதாவது பக்கச்சுவர் உயரம் டயர் அகலத்தில் 60 சதவீதம் வரை விடுகிறார்கள். நான் ஓட்டும் குழுவில் பட்டையில் கோடுகள் இருக்க வேண்டும், பக்கச்சுவரின் உயரம் டயர் அகலத்தில் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த வருடத்து விதித்தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நண்பர் சொன்னார், போன வருடம் விட்டார்கள் என்பதெல்லாம் ரேஸுக்கு முன் காரைச் சோதிக்கும் டெக் பரிசோதனையில் செல்லாது.

விதித்தாள் இருந்தும் என்ன, கடைக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ரேஸ் டயர் விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் கடை அது. எம்ஜிஏ என்றதும் "15 இன்ச் ரிம்தானே, 195/60 போடுங்கள், எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்" என்றார். என் ரிம் 4 இன்ச் அகலம் என்றேன். பரவாயில்லை, ஏறிவிடும் என்றார். ஏறும், யார் இல்லை என்றது? 195/60ஆர்15 டயருக்குக் குறைந்தது ஐந்தரை இன்ச் ரிம் வேண்டும். 4 இன்ச்சில் ஏற்றினால் பக்கச்சுவர் இரண்டு பக்கமும் பிதுங்கும், பட்டையின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும், வளைவில் வண்டி அலையும். இது பாதுகாப்பு விஷயம். ரேஸ் கடையில் நிற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

விட்டத்தையும் பாருங்கள். என் ரிம்முக்குப் பொருந்தும் 165/80ஆர்15 ஏறக்குறைய 645 மி.மீ. விட்டம். 195/60ஆர்15 சுமார் 615 மி.மீ. இந்த 30 மி.மீ. வித்தியாசத்தில் அதே வேகத்துக்கு எஞ்சின் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் முடிய வேண்டிய நேர்ப்பாதை 6,300-க்குப் பக்கத்தில் முடியும். கிராங்க் ஷாஃப்ட் மூன்றே பேரிங்கில் நிற்கும் எம்ஜிஏ-வின் பழைய பி சீரிஸ் எஞ்சினுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் பிடிப்பு. டயர் எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு நல்லது என்று கடைக்காரர்கள் பேசுகிறார்கள். இந்தக் கார்களுக்கு அது பொருந்தாது. ஒட்டும் டயரின் விசை முழுவதும் சக்கரத்தின் கம்பி ஸ்போக் வழியாக நடுவில் இருக்கும் ஹப்புக்கும், அங்கிருந்து முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலுக்கும், பின்னால் சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்டுக்கும் போய்ச் சேருகிறது. அறுபது வருடத்துக்கு முன்னால் அந்தக் காலத்து ரப்பருக்குக் கணக்குப் போட்டுச் செய்த இரும்பு அது. டிராக்கில் கார்கள் நிறுத்தும் இடமான பேடக்கில் ஸ்போக் உடைந்து நின்ற கார்களையும் ஹாஃப் ஷாஃப்ட் முறிந்து டிரெய்லரில் ஏறிய கார்களையும் பார்த்தவன் நான். பெரும்பாலும் அவற்றில் இருந்தது காருக்கு மிஞ்சிய டயர். எம்ஜிஏ-வோடு வந்த 48 ஸ்போக் சக்கரத்தை வைத்து ரேஸ் ஓட்டவே வேண்டாம். 60 அல்லது 72 ஸ்போக்குக்கு மாறுங்கள். நான் 72-க்கு மாறினேன். ஸ்டப் ஆக்சிலில் விரிசல் இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகுதான் டயர் தேடவே ஆரம்பித்தேன்.

ரேடியலா கிராஸ்-பிளையா என்ற கேள்விக்கு வருகிறேன். ரேடியலில் நூல்கள் பட்டைக்குக் குறுக்கே நேராக ஓடும், மேலே ஒரு பெல்ட் பட்டையைத் தட்டையாகப் பிடித்துக்கொள்ளும். கிராஸ்-பிளையில் நூல்கள் சாய்வாக ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிட்டு ஓடும், பக்கச்சுவரும் பட்டையும் ஒரே உடம்பு. இதனால் ஓட்டும்போது வரும் வித்தியாசம் பெரியது. டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் நடுவே ஒரு கோணம் விழும் அல்லவா, கிராஸ்-பிளை தன் முழுப் பிடிப்பைக் கொடுக்க அந்தக் கோணம் கூடுதலாகத் தேவை. அதைத் தாண்டினாலும் பிடிப்பு மெதுவாகத்தான் குறையும். கார் வழுக்கப் போகிறது என்பது கைக்கு முன்கூட்டியே தெரியும். ரேடியல் கூடுதல் பிடிப்பைக் கொடுக்கும், ஆனால் விடும்போது சட்டென்று விட்டுவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. வளைவில் கார் சாயும்போது பட்டை முழுவதும் தரையில் படிய, ரேடியலுக்குச் சக்கரத்தின் தலை உள்பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். எம்ஜிஏ-வின் முன்பக்கத்தில் கேம்பரைத் திருத்த வழியே வைக்கவில்லை. சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கை என்பதே குலுக்கலை அடக்கும் டாம்பரின் கைதான். சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். போன சீசனில் பயிற்சி நாட்களை 165ஆர்15 சாலை ரேடியலில்தான் ஓட்டினேன். இடது முன் டயரின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட 35 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாகக் கொதித்தது. ஓரம் கரடுமுரடாக உரிந்துபோயிற்று, நடுவில் பட்டை புதுசாகவே இருந்தது. கிராஸ்-பிளைக்கு நிமிர்ந்த சக்கரமே பொருந்தும். ஆக டன்லப் சிஆர்65 என்ற கிராஸ்-பிளை ரேஸ் டயர், எல் செக்ஷன், 5.50எல்15 அளவு, 204 காம்பவுண்ட் (ரப்பர் கலவை) என்று முடிவு செய்தேன். இது சீக்கிரம் தேய்ந்து தீராத காம்பவுண்ட். ஒரு செட் ஆயிரம் டாலருக்கு மேல் போகும்போது அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

உண்மையான கோபம் இங்கேதான் ஆரம்பம். முதல் கடையை விட்டுவிட்டு வேறொரு விற்பனையாளரிடம் நான்கு டயருக்கும் முன்பணம் கட்டினேன். தேதிக் குறி என்ன என்று போனில் கேட்டேன். எல்லாம் புது சரக்கு என்றார்கள். பெட்டி வந்ததும் டார்ச் அடித்துப் பக்கச்சுவரைப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இரண்டு டயர் போன வருடத்துச் சரக்கு. மற்ற இரண்டும் அதற்கு ஆறு வருடம் மூத்தவை. ரப்பரின் கடினத்தை அளக்கும் டியூராமீட்டரை வைத்தேன். புதியவை 60-க்குப் பக்கம் காட்டின, பழையவை 70-ஐத் தாண்டின. ஒரே காரில், ஒரே ஆக்சிலில் இந்த இரண்டையும் எப்படி மாட்டுவது? பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கும்.

போன் செய்தேன். இருட்டு அறையில் வைத்திருந்தோம், ரேஸ் டயருக்கு வயசே கிடையாது என்று பதில் வந்தது. வயசு இல்லையென்றால் தயாரிப்பாளர் எதற்குத் தேதி அச்சடிக்கிறார்? படம் எடுத்து அனுப்பினேன், டியூராமீட்டர் முள்ளோடு சேர்த்து. அடுத்த நாள் இன்னொருவர் பேசினார். திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார். பெட்டியைத் திறக்காமல் தேதியை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இழுபறிக்குப் பிறகு புது இரண்டு அனுப்பச் சம்மதித்தார்கள், அனுப்பும் செலவு என் தலையில். ஆர்டர் போடும்போதே தேதிக் குறியை மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். "புதுசு" என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள்.

டயர் வந்தும் பாடு தீரவில்லை. வயர் வீலுக்கு டியூப் வேண்டும், ஸ்போக் முனைகள் டியூபைக் குத்தாமல் இருக்க ரிம் டேப் வேண்டும். வீட்டுக்குப் பக்கத்து டயர் கடையில் இரண்டையும் கையில் கொடுத்து, எந்த வரிசையில் போட வேண்டும் என்றும் விளக்கினேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, டேப்பைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு மெஷினில் ஏற்றிவிட்டார்கள். பேலன்ஸ் பார்த்த விதமும் தப்பு. நடுவில் ஒரே நட்டால் இறுக்கும் இந்த நாக்-ஆஃப் சக்கரம் காரில் உட்காருவது ஹப்பின் பின்பக்கக் கூம்பிலும் முன்பக்கம் நட்டின் கூம்பிலும். பேலன்ஸ் மெஷினிலும் அந்த இரண்டு இடத்தையும் பிடிக்கும் கூம்புகள் வேண்டும். சாதாரணக் கூம்பில் பிடித்தால் சக்கரம் கோணலாகத்தான் சுற்றும். விளைவு, பயிற்சி நாளில் 70 மைலைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. பிறகு வலது முன் சக்கரம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. டயரைப் பிரித்தால் டியூபில் ஸ்போக் முனை அழுத்திய புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன, அதில் ஒன்று ஓட்டையாகியிருந்தது. அன்றைய நுழைவுக் கட்டணம் போச்சு, நாளும் போச்சு.

பேடக்கில் எனக்கு அடுத்த இடத்தில் நின்ற ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுக் கைகொடுத்தார். பல வருடமாக பழைய ஜாகுவார் ஓட்டுகிறவர். டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்து, ஒட்டியிருந்த காகித ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். அது டியூபைத் தேய்த்தே ஓட்டை போடுமாம். பிறகு டால்க் பொடியை உள்ளே தூவி உள்ளங்கையால் பரப்பினார். டியூபில் கொஞ்சம் காற்று ஏற்றி, உருண்டையான பிறகு உள்ளே நுழைத்து, லீவரை அரை இன்ச் அரை இன்ச்சாக நகர்த்தி ஏற்றினார். முழுக் காற்று ஏற்றி, மறுபடி வெளியே விட்டு, மறுபடி ஏற்றச் சொன்னார். அப்போதுதான் டியூபின் மடிப்பு நிமிருமாம். மிச்சம் மூன்று சக்கரத்தையும் அதே முறையில் நானே வீட்டில் பிரித்து மாட்டினேன். பேலன்ஸுக்கு மட்டும் பழைய ஆங்கிலக் கார்கள் பார்க்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே அரை மணியில் முடிந்தது.

நாக்-ஆஃப் நட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், செம்பு அல்லது ஈயச் சுத்தியலால் இறுக்கிவிட்டு, சில மைல் ஓட்டிய பிறகு கட்டாயம் மறுபடி இறுக்குங்கள். டெக் பரிசோதனையில் இதைத்தான் முதலில் தட்டிப் பார்க்கிறார்கள். அப்படியே ஒரு சின்ன ஸ்பேனரால் ஸ்போக்குகளையும் வரிசையாகத் தட்டுங்கள். இறுக்கமாக இருப்பது கணீரென்று கேட்கும், தளர்ந்தது மொத்தையாகக் கேட்கும்.

லைம் ராக்கில் கடிகார முள் திசையில் ஓட்டுகிறோம், அங்கே இடப்பக்க வளைவு ஒன்றே ஒன்று. பிக் பெண்ட், அப்ஹில், வெஸ்ட் பெண்ட், டவுன்ஹில் எல்லாமே வலது. சுமை முழுவதும் இடது பக்க டயர்களின் மேல். காற்று எவ்வளவு என்று ஆளாளுக்கு ஒரு எண் சொன்னார்கள். நான் சாக்பீஸை நம்பினேன். பட்டையின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை கோடு போட்டுவிட்டு ஓட்டி வந்து, எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தேன். பக்கச்சுவர் வரை அழிந்தால் காற்று குறைவு, டயர் புரள்கிறது. பட்டை ஓரத்துக்கு முன்பே நின்றுவிட்டால் காற்று அதிகம். குளிர்ந்த நிலையில் 32 பி.எஸ்.ஐ. வைத்தபோது, சூடானதும் 38-க்குப் பக்கம் ஏறியது, கோடும் பட்டை ஓரத்தோடு நின்றது. இது என் வண்டியின் எடைக்கும் என் ரிம்முக்கும் வந்த எண். உங்களுக்கு வேறாக வரும், சாக்பீஸ் காட்டிவிடும். பிட்டுக்குள் நுழைந்ததும் ரப்பரின் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் ஊசியை இறக்கியதில் இடது முன் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்ற மூன்று இடத்துக்கும் நடுவே வித்தியாசம் 8 டிகிரிதான். அந்த எண்ணைப் பார்த்தபோது பட்ட பாடெல்லாம் சற்று மறந்துபோயிற்று.

லேபர் டே (செப்டம்பரின் முதல் திங்கள், விடுமுறை) வார இறுதிப் போட்டியில் ஓட்டினேன். லைம் ராக்கில் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கிடையாது. அக்கம்பக்கத்தார் போட்ட வழக்கில் 1959-இல் வந்த தடை இன்னும் நிற்கிறது. அந்த ஓய்வு நாளில் சக்கரங்களை இடம் வலம் மாற்றிக்கொண்டேன். நட்டின் மரை மட்டும்தான் பக்கத்துக்குப் பக்கம் மாறும், சக்கரம் எந்தப் பக்கமும் பொருந்தும். டயரில் சுழலும் திசை அம்பு இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். திங்கள்கிழமை வெஸ்ட் பெண்டில் பின்பக்கம் மெல்ல விலகியதை முன்கூட்டியே உணர்ந்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியே சமாளிக்க முடிந்தது. ரேடியலில் அதே இடத்தில் போன வருடம் சுற்றி நின்றிருக்கிறேன்.

அடுத்த சீசனுக்கு வாங்குகிறவர்கள் பனிக்காலத்திலேயே ஆர்டர் போடுங்கள். வசந்தம் வந்துவிட்டால் இந்த அளவு எளிதில் கிடைப்பதில்லை, கையில் இருக்கும் பழைய சரக்கைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். நான் திருப்பி அனுப்பிய இரண்டு டயரும் அதே கடையின் பட்டியலில் புதுசு என்ற பெயரில் மறுபடி வந்திருக்கின்றன. தேதிக் குறியின் படத்தை எங்கள் கழகத்தில் எல்லாருக்கும் அனுப்பி வைத்துவிட்டேன்.