ஒயிட்ஃபீல்டு நாட்குறிப்பு: சொல்லாமல் வந்தவன்

ஜூன் 8, ஞாயிறு

ஹலசூரிலிருந்து என் பழைய ரூம்மேட் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறான். 2023 அக்டோபரில் பெங்களூரு மெட்ரோவின் பர்ப்பிள் லைன் சல்லகட்டா முதல் ஒயிட்ஃபீல்டு வரை முழுசாக ஓட ஆரம்பித்த பிறகு அவனுக்கு ஒரே ரயில், நடுவில் பஸ் பிடிக்கும் தொல்லை இல்லை. ஆனால் எங்கள் அபார்ட்மெண்டின் மெயின் கேட்டில் மாட்டிக்கொண்டான். வருபவர்களை உள்ளே விட வீட்டுக்காரர் போனுக்குக் கேட்டு அனுப்பும் ஆப்பில், செக்யூரிட்டி அவன் பெயரைப் போட்டு அனுமதி கேட்டிருக்கிறார். என் போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. அவன் போனில் கூப்பிட்டதுகூட எனக்குக் கேட்கவில்லை. ஆப் வந்த கையோடு இண்டர்காமைக் கழற்றிவிட்டார்கள், வேறு வழியே இல்லை. ஒரு பை பலாச்சுளையைக் கேபினில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டான். நான் இறங்கிப் போய் வாங்கியபோது பை முழுக்க ஈ.

ஜூன் 9, திங்கள்

போன் செய்தேன். "பரவால்லடா, இனிமே மெசேஜ் போட்டுட்டு வரேன்" என்றான். கோபப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஹலசூரு மாடி ரூமில் யார் எப்போது வந்தாலும் கதவு திறந்தேதான் கிடக்கும், உலையில் இன்னொரு பிடி அரிசி விழும். கேட்காமல் வந்து உட்காரும் உரிமைதானே எங்கள் சிநேகிதம்? அதை அவன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது மனசுக்கு ஆகவில்லை.

செக்யூரிட்டி தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஆப்பில் பச்சை விழாமல் ஆளை உள்ளே விட்டால் அவர் வேலை போய்விடும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும்தான். ஆனால் பிரியாணி கொண்டுவரும் பையனுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைக்கிறோம், அவர் நிற்காமல் உள்ளே வருகிறார். நண்பன் வெயிலில் நிற்கிறான்.

ஜூன் 11, புதன்

அடிக்கடி வருபவர்களுக்கு நிரந்தர பாஸ்கோடு தரலாமாம். வீட்டு வேலை, டிரைவர், பால், டியூஷன் என்று பட்டியல் நீண்டது. அவனைக் 'குடும்பம்' என்பதில் சேர்த்து, அந்தப் பாஸ்கோடை அனுப்பினேன். உடனே நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. சாயங்காலம் அவனே கூப்பிட்டான். அவன் அம்மாவின் முழங்கால் வலி, எங்கள் பழைய ஓனர் வீட்டை இடித்துக் கட்டுவது என்று ரொம்ப நேரம் பேசினோம்.

ஜூன் 15, ஞாயிறு

அசோசியேஷன் மீட்டிங். ஆப் இருக்கட்டும், இண்டர்காமும் திரும்ப வேண்டும் என்றேன். செலவு என்றார் பொருளாளர். மூன்றாவது மாடி மாமி எழுந்து, "என் தங்கை வந்துட்டு அப்படியே திரும்பிப் போனாளே, அதுக்கு என்ன கணக்கு?" என்று கேட்டுவிட்டார். எங்கள் டவருக்கு மட்டுமாவது கொட்டேஷன் வாங்கச் சம்மதித்திருக்கிறார்கள். நாளை முதல் கையெழுத்து வாங்கப் போகிறேன், மாமியும் வருகிறார்.