மேஸ்திரியிலிருந்து டீம் லீடர் வரை

ஹார்வி மில் சங்குச் சத்தத்தில் மதுரை மணி பார்த்த காலத்தில் மேஸ்திரி சொன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான் தலைமை. 1927இல் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் வந்த விளக்கமும் அதேதான்: தன் விருப்பத்தைப் பிறர் மேல் பதித்து, கீழ்ப்படிதல், மரியாதை, விசுவாசம், ஒத்துழைப்பு எல்லாவற்றையும் வாங்கும் திறமை (ஒத்துழைப்பு கடைசியில்தான், கவனியுங்கள்!). அப்புறம் 1970இல் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்க நிர்வாகச் சிந்தனையாளர், தலைவர் முதலில் தொண்டராக இருக்க வேண்டும் என்று எழுதினார். இன்றைக்கும் பாதி ஆபீஸில் டீம் லீடர் என்று பெயர்தான் புதுசு, லீவு கேட்டால் அதே முறைப்பு. ஆனால் நம்ம ஊர் டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பாருங்கள், அரசு வேலையில் ஓய்வு பெற்றபின், மூட்டுவாதத்தில் கோணிய விரல்களோடு 1976இல் 11 படுக்கை போட்டு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கி, அந்த விரல்களாலேயே ஆபரேஷனும் செய்தார். பணம் கட்டுகிறவரின் காசில் கட்ட முடியாதவருக்கும் அங்கே பார்வை கிடைக்கிறது.