என்3 லிசனிங்கில் 17: ஹயாஷிபாரா மெகுமியின் குரலோடு ஆறு மாதம்

மொத்தம் 101 மதிப்பெண். இருந்தும் ஃபெயில். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் நடு நிலையான என்3 எழுதப்போகிற பலருக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 180-க்கு 95 வந்தால் மட்டும் போதாது. மொழியறிவு, வாசிப்பு, லிசனிங் என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 60. எதிலும் 19-க்குக் கீழே போகக்கூடாது. எனக்கு லிசனிங்கில் 17 வந்திருந்தது. ஒரு வருடம் விடியற்காலை எழுந்து கான்ஜி (ஜப்பானிய மொழியில் வரும் சீன எழுத்துகள்) எழுதிய நோட்டுகளெல்லாம் மேஜையில் கிடக்க, அந்த 17-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பானிய மொழி வகுப்பில் சென்செய்யிடம், அதாவது ஆசிரியரிடம், போய்ச் சொன்னேன். "என்னென்ன கேக்குற?" என்று கேட்டார். பாடப்புத்தக ஆடியோ, யூடியூப், சப்டைட்டிலோடு பத்துப் பன்னிரண்டு அனிமே (ஜப்பானிய கார்ட்டூன் தொடர்கள்) என்று அடுக்கினேன். "கண்ணுதான் படிச்சிருக்கு, காது சும்மா இருந்திருக்கு. யாராவது ஒருத்தரோட குரலைப் பிடிச்சுக்கோ, ஜூலை வரைக்கும் விடாதே" என்றார். நான் பிடித்துக்கொண்டது அனிமே குரல் நடிகை ஹயாஷிபாரா மெகுமியை.

அவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் 1967 மார்ச் 30 அன்று டோக்கியோவில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் நர்ஸிங் படிப்பில் சேர்ந்தார். அதே காலத்தில் ஒரு அனிமே பத்திரிகையில் குரல் நடிப்புப் பயிற்சிக்கான விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து, அதிலும் தேர்வானார். இரண்டில் எதையும் அவர் விடவில்லை. ஒரு பக்கம் நர்ஸிங் படிப்பு, இன்னொரு பக்கம் குரல் பயிற்சி. 1986-ல் 'மெய்சோன் இக்கோக்கு' தொடரில் சின்னச் சின்ன வேடங்களில் குரல் கொடுக்கத் தொடங்கினார். நர்ஸிங்கையும் முடித்துத் தகுதி பெற்றார். ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லட்டை புரட்டுகிற எனக்கு, பத்தொன்பது வயதில் ஒருத்தி இரண்டு படிப்பையும் இழுத்துக்கொண்டு போனாள் என்பதே பெரிய தெம்பாக இருந்தது.

ஆனால் தெம்பு மட்டும் மார்க் வாங்கித் தராதே. அவர் குரல் எனக்குப் பயன்பட்ட விதம் வேறு. 1989-ல் 'ரன்மா' தொடரில் அவர் பேசியது பெண் ரன்மாவுக்கு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் பெண்ணாக மாறிவிடுகிற பையன் அவன். ஆணாக இருக்கும்போது யமகுச்சி கப்பேய் பேசுவார், பெண்ணானதும் ஹயாஷிபாரா. உடம்புதான் மாறுமே தவிர உள்ளே இருப்பது அதே முரட்டுப் பையன். அதனால் குரல் பெண் குரல், பேச்சு ஆண் பேச்சு. தன்னைச் சொல்ல 'ஒரே' என்கிறான், ஆண்கள் நண்பர்களிடம் சொல்லும் 'நான்' அது. 1995-ல் 'ஸ்லேயர்ஸ்' லீனா அதே 'நான்'-ஐ 'அதாஷி' என்பாள், துடுக்காக. அதே வருடம் வந்த 'எவாஞ்சலியன்' தொடரின் ரேய் 'வதாஷி' என்பாள், ஏற்ற இறக்கமே இல்லாமல், இரண்டு சொல்லுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி விட்டு. 1997 முதல் போக்கேமான் முசாஷி (நமக்கு ஜெஸ்ஸி), 1998-ல் 'கவ்பாய் பீபாப்' ஃபே, 1999 முதல் 'டிடெக்டிவ் கோனன்' ஹைபாரா ஆய். தொண்டை ஒன்றுதான். ஆளுக்கு ஆள் மாறுவது சுருதியும் வேகமும் வாக்கியத்தின் வாலும்தான். அந்த வால்தான் லிசனிங் பேப்பர் என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது.

ஒரு உதாரணம். 'ஈ ஜனை' என்று ஒருவர் சொன்னால், 'ஈ' என்றால் நல்லது, 'ஜனை' என்றால் இல்லை, ஆக 'நல்லா இல்லை' என்று எடுத்துக்கொண்டேன் முதல் தேர்வில். உண்மையில் அது 'நல்லாத்தானே இருக்கு!' என்பதுபோலத்தான் பெரும்பாலும் வரும். தமிழிலும் 'நல்லா இல்ல' என்பதை இழுத்து உயர்த்தினால் கேள்வி, இறக்கினால் தீர்ப்பு. நம் மொழியில் காது தானாகச் செய்கிற வேலையை ஜப்பானிய மொழியில் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். லிசனிங் தேர்வின் உடனடிப் பதில் பகுதியில் மூன்று பதில்களும் காதில்தான் விழும், தாளில் எதுவும் அச்சிட்டிருக்காது. அங்கே இந்த ஏற்ற இறக்கம்தான் துணை.

தமிழ்க் காதுக்கு ஒரு வரமும் ஒரு தொல்லையும் உண்டு. குறில் நெடில் நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. 'கிதே' வா, 'கித்தே' வெட்டு. வேறு மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம், நாம் படம் பட்டம் என்று சொல்லி வளர்ந்ததால் சுலபமாகக் கடந்துவிடுவோம். தொல்லை எங்கே என்றால், வல்லினமும் அதன் மெலிந்த ஒலியும் நம் எழுத்தில் ஒன்றுதான். ஜப்பானிய மொழியில் தங்கமும் வெள்ளியும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கின்'. முதல் ஒலி 'கண்' போல அழுத்தமாக வந்தால் தங்கம், 'கோவிந்தன்' என்று சொல்லும்போது வருகிற மாதிரி வந்தால் வெள்ளி. வேகமான பேச்சில் இதைத்தான் நான் தொடர்ந்து தவறவிட்டிருக்கிறேன். அதனால் என் குறிப்பேட்டில் தமிழில் உச்சரிப்பு எழுதுவதை அடியோடு நிறுத்தினேன், ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானா மட்டும். நீங்களும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஜப்பானில் அனிமேக்குக் குரல் பதிவு செய்யும் அறையில் நடிகர்கள் நின்றுகொண்டு, ஸ்கிரிப்ட்டைக் கையில் பிடித்து, திரையைப் பார்த்தபடி, ஒரு சில மைக்குகளை முறைபோட்டுப் பயன்படுத்துவார்கள். காகிதம் புரளும் சத்தம்கூட மைக்கில் விழக்கூடாது. நான் அதை வீட்டில் செய்து பார்த்தேன். ஹைபாரா பேசுகிற இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை எடுப்பேன். சப்டைட்டில் கிடையாது. காதில் விழுந்ததை எழுதுவேன், விழாத இடத்தில் கோடு போட்டு வெற்றிடம் விடுவேன். மூன்றாம் நாள் அந்த வெற்றிடங்களில் பாதி நிரம்பியிருக்கும். அப்புறம் அதே தாளைக் கையில் பிடித்து எழுந்து நின்று, அவரோடு சேர்ந்தே பேசுவேன். உட்கார்ந்து பேசினால் மூச்சு பாதியில் நின்றுவிடுகிறது, நின்று செய்யுங்கள். ஒரு காட்சிக்கு ஒரு வாரம். ஆறு மாதத்தில் இருபத்து மூன்று காட்சிகள்தான் முடித்தேன், அது போதுமானதாக இருந்தது.

ஹைபாராவைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. விஷத்தால் சிறுமியாகச் சுருங்கிப்போன விஞ்ஞானி அவள். குழந்தை உருவம், பெரியவரின் நிதானமான பேச்சு. வேகம் தேர்வு ஆடியோவுக்குப் பக்கத்தில் இருக்கும். லீனாவை முதலில் எடுக்காதீர்கள், அந்த வேகத்தில் மனம் உடைந்துபோகும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஹைபாரா வாக்கியத்தை 'வா', 'கஷிரா' என்று முடிப்பது கதைகளில் பெண்களுக்கு வைக்கும் நடை. இன்றைய பெண்கள் ஆபீஸில் அப்படிப் பேசுவது அரிது. கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், இன்டர்வியூவில் அப்படிப் பேசிவிடாதீர்கள். இயல்பான பேச்சுக்கு அவருடைய வானொலி நிகழ்ச்சி இருக்கிறது. 'டோக்கியோ பூகி நைட்' 1992-ல் தொடங்கியது. வேடம் எதுவும் இல்லாமல் அவரே பேசுவது, சிரிப்பு, பாதியில் விட்ட வாக்கியம் எல்லாம் அதில் வரும். என்3 தாண்டப்போகிறவர்களுக்கு அனிமேயைவிட அதுவே நல்ல பயிற்சி என்பது என் எண்ணம்.

ஜூலை தேர்வில் லிசனிங் 40 நிமிடம். எந்த உரையாடலும் இரண்டாவது முறை ஒலிக்காது. முதல் தேர்வில் ஒரு கேள்வி தவறிப்போனதும் அதையே நினைத்து அடுத்த மூன்றைக் கோட்டைவிட்டேன். இந்த முறை தெரியாததற்கு ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த குரலுக்குக் காதைத் திருப்பினேன். நடுவில் ஒரு பெண் குரல், தோழியின் புதுச் சட்டையைப் பார்த்து, 'ஈ ஜனை' என்றது. கை தானாகச் சரியான எண்ணுக்குப் போனது. லிசனிங்கில் 38 வந்தது.

இப்போது என்2 படிக்கிறேன். 2024-ல் ரன்மாவைப் புதிதாக எடுத்தபோதும் பெண் ரன்மாவுக்குக் குரல் ஹயாஷிபாராதான், முப்பத்தைந்து வருடம் கழித்து. பழையதில் ஐந்து நிமிடம், புதியதில் ஐந்து நிமிடம் என்று தினமும் இரவு அடுத்தடுத்துப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று 1989-ன் காட்சியில் ஆறு வெற்றிடம், புதியதில் இரண்டு.