சீனிக்கு மாலைக்கண்

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். மாசி மாதம், சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். கரண்ட் போயிருந்தது. இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார்ந்திருந்த அம்மா எங்கள் நாய் சீனியைக் கூப்பிட்டார். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தவள் முதல் படியிலேயே மூக்கை இடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். குட்டியாக வந்த நாளிலிருந்து ஏறி இறங்குகிற மூன்று படிகள்.

“என்னாடி, இவளுக்கு மாலைக்கண்ணு மாதிரில்ல இருக்கு” என்றார் அம்மா.

நாய்க்கு எங்கேயாவது மாலைக்கண் வருமா என்று சிரித்தேன். தரம் 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் நான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சீனி மினியேச்சர் பூடில் என்ற சிறிய, சுருள்முடி இனம்; பாலூற்றின தேத்தண்ணி நிறம். நாலு வருஷத்துக்கு முன் கொழும்புப் பக்கம் ஒரு வீட்டில் வாங்கினோம். அப்பனும் ஆத்தாவும் அருமையான நாய்கள், பெடிகிரி (வம்சாவளி) பேப்பர் பிறகு தபாலில் வரும் என்றார்கள். பேப்பர் இன்றுவரை வரவில்லை. எங்கள் மலையூர் ஹட்டனின் குளிருக்கு அவள் முடி நல்ல தோதுதான். ஆனால் தினமும் சீவாவிட்டால் சடை விழும், காதுக்குள் முளைக்கிற முடியைக் கவனிக்காவிட்டால் சீழ் வைக்கும். வெட்டாமல் விட்ட ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டுப் பையன், “டீச்சர், செம்மறியாடா வளக்குறீங்க?” என்று கேட்டான்.

டவுனில் ஒரு மிருக வைத்தியரிடம் காட்டினேன். பகல் பதினொரு மணி வெளிச்சத்தில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒன்றுமில்லை என்று வைட்டமின் எழுதினார். உண்ணிக் காய்ச்சலாலும் கண் கெடும் என்பதால் இரத்தமும் எடுத்தார், அதில் ஒன்றுமில்லை. ஒரு மாதம் ஈரலும் கேரட்டுமாகக் கொடுத்தேன். சீனி நன்றாகக் கொழுத்தாள், படியில் இடிப்பது மட்டும் நிற்கவில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று ஒரு ராத்திரி ஹோலில் வாளி, தலையணை, அம்மாவின் செருப்பு எல்லாவற்றையும் கண்டபடி பரப்பினேன். லைட் எரியும்போது சீனி எல்லாவற்றையும் தாண்டி வந்தாள். லைட்டை அணைத்து, கதவிடுக்கால் வரும் வெளிச்சத்தை மட்டும் விட்டேன். எங்களுக்கு வாளி நன்றாகவே தெரிந்தது. அவள் நேரே போய் அதில் முட்டினாள். டோர்ச் அடித்தபோது இரண்டு கண்ணும் லொறி ஹெட்லைட் மாதிரி மின்னின. கருமணி அகல விரிந்திருந்தது, வெளிச்சம் பட்டும் சட்டென்று சுருங்கவில்லை.

சித்திரை லீவில் பேராதனைக்குப் போனோம். பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. நாயோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்தவர் ஒருவரின் வேனைப் பிடித்தோம். கினிகத்தேனை வளைவுகளில் சீனி இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். நாவலப்பிட்டி தாண்டிய பிறகுதான் அடங்கினாள். கருமணி விரிய சொட்டு மருந்து போட்டு, கொஞ்ச நேரம் வாங்கில் இருக்க வைத்து, பிறகு இருட்டறைக்குள் கூப்பிட்டார்கள். இளம் பெண் டாக்டர். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பொறுமையாக விளக்கினார். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் நூல் மாதிரி மெலிந்திருக்கின்றன. அதற்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி போன்ற படலம் அளவுக்கு மீறிப் பளபளக்கிறது. விழித்திரை தேய்கிறது என்று அர்த்தம். பிஆர்ஏ, விழித்திரை படிப்படியாகத் தேய்கிற நோய் என்றார்.

இந்த வருத்தத்தில் மங்கலான வெளிச்சத்துக்கான கோல் கலங்கள் முதலில் போகும். பகல் பார்வைக்கான கூம்புக் கலங்கள் பின்னாலேயே போகும். மினியேச்சர் பூடிலில் பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் வெளியே தெரிய ஆரம்பிக்கும். வலி கிடையாது, மருந்தும் கிடையாது. எந்த வகை என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் டீஎன்ஏ பரிசோதனை செய்யலாம், வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

“மருந்தே இல்லையென்றால் பரிசோதனை எதற்கு டாக்டர்?” என்று கேட்டேன்.

“இவளிடம் குட்டி எடுக்கப் போகிறீர்களா? இவளோடு பிறந்தவை எங்கே இருக்கின்றன?”

குட்டி எடுப்பதாகத்தான் இருந்தோம். ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேருக்கு வாக்கும் கொடுத்திருந்தேன்.

அன்று ராத்திரி பழைய பாடக்குறிப்பின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டேன். மெண்டலின் பட்டாணிக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் போடுகிற அதே நாலு கட்டம். பிஆர்ஏயில் பல வகை உண்டு; பூடிலில் அதிகம் பரிசோதிக்கிற பிஆர்சிடி என்ற வகை பின்னிடைவான இயல்பு. மரபணுவின் கெட்ட பிரதி அப்பனிடமிருந்து ஒன்று, ஆத்தாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் கண் போகும். ஒன்றே ஒன்று இருந்தால் அந்த நாய் கேரியர். இந்த நோயால் அதற்குக் கண் போகாது. இரண்டு கேரியர்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு குருடாகும் வாய்ப்பு, நாலில் இரண்டு பங்கு கேரியராகும் வாய்ப்பு. கொழும்பு வீட்டுக்காரர் “அருமையான நாய்கள்” என்றது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கேரியரை வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

லண்டனில் நர்ஸாக இருக்கிற அண்ணன் மகள் ஒரு ஆய்வகத்தின் டீஎன்ஏ பரிசோதனைக் கிட்டை வாங்கி, ஊருக்கு வந்த தோழியிடம் கொடுத்தனுப்பினாள். எந்தெந்தப் பரிசோதனை என்று தெரிவு செய்வதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பூடிலுக்கென்று நீளமான பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் சில பெரிய ஸ்டாண்டர்ட் பூடிலுக்குத்தான் பொருந்தும். பிறந்த குட்டிகளுக்கு வலிப்பு வந்து சாகிற ஒரு நோய்க்கான பரிசோதனை அப்படிப்பட்டது. காசைக் கொட்ட மனமில்லை. மூன்றை எடுத்தேன்: கண்ணுக்கு பிஆர்சிடி, எலும்பு வளர்ச்சி குலைந்து கால் கோணிப்போகிற நோய்க்கு ஒன்று, இரத்தம் உறைவதில் வரும் குறைக்கு வொன் வில்பிராண்ட். மூன்றாவது என் சொந்த யோசனை. குட்டி வேண்டாம் என்றானால் கருப்பை எடுக்க வேண்டும். கத்தி வைக்குமுன் இரத்தம் நிற்குமா என்று தெரிந்திருப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் டீஎன்ஏ பரிசோதனை இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். சிறிய பூடில்களுக்கு முழங்கால் சில்லு நழுவும். அதை டாக்டர் கையால் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்டாண்டர்ட் பூடிலுக்கு வருகிற அடிசன் நோய் (அட்ரினல் சுரப்பி சரியாகச் சுரக்காத நோய்), தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்து முடி கொட்டுகிற நோய், இதற்கெல்லாம் கன்னத்தில் பஞ்சு தேய்த்துப் பதில் கிடைக்காது.

பஞ்சு தேய்த்த கதைக்கு வருகிறேன். முறை சுலபம். ஒரு மணி நேரம் சாப்பாடு கொடுக்காமல் வைத்து, உதட்டைத் தூக்கி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் குச்சியை உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். வெறும் எச்சில் பட்டால் போதாது, கன்னத்தின் உள்தோலிலிருந்து கலங்கள் வர வேண்டும். பிறகு காற்றில் காயவைத்துக் காகித உறையில் போட வேண்டும்; ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

காற்றில் காயவை என்று எழுதியவர் ஆனி மாதத்தில் ஹட்டனுக்கு வந்ததில்லை. துவைத்த துணியே நாலு நாள் கொடியில் கிடந்து நாறுகிற காலம். குச்சிகளை கிளாஸில் நிறுத்தி மேசையில் வைத்தேன். மறுநாளும் ஈரம்தான். இதற்கு மேல் முடியாது என்று உறையில் போட்டு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, மாதிரி பழுது, திரும்ப எடுத்து அனுப்பவும் என்று பதில் வந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

இரண்டாவது தரம் என் கணவர் கைகொடுத்தார். தேயிலை ஃபெக்டரியில் உதவி டீமேக்கர். குச்சிகள் நின்ற கிளாஸை அப்படியே தூக்கிக்கொண்டு போய், ட்ரையர் பக்கத்து ஆபீஸ் அறையில் அலுமாரி மேல் வைத்தார். மழை கொட்டினாலும் அந்த அறையில் வெதுவெதுப்பு குறையாது. “ஐயா, இது பீஓபியா டஸ்ட்டா?” என்று தேயிலைக்குக் கேட்பதுபோல் தரம் கேட்டு அங்கே ஒரே சிரிப்பாம். காலையில் குச்சிகள் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தன.

முடிவு வந்தபோது நான் ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் மகள் போனில் படம் அனுப்பியிருந்தாள். இரத்தம், க்ளியர், குறை இல்லை. எலும்பு, க்ளியர். பிஆர்சிடி, அஃபெக்டட், இரண்டு பிரதியும் கெட்டவை. தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அடுத்த விடைத்தாளில் எதற்கு எத்தனை புள்ளி போட்டேன் என்று ஞாபகமில்லை. மறுபடி எடுத்துத் திருத்தினேன்.

பிஆர்சிடிக்குக் காரணமான மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தது 2006இல்தான். டீஎன்ஏயில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. லாப்ரடோர், கொக்கர் ஸ்பானியல் என்று பல இனங்களில் அதே பிழை. விழித்திரை தேய்கிற வருத்தமுள்ள ஒரு மனிதரிடமும் அச்சாக அதே மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். மனிதர்களிலும் அந்த வருத்தம் மாலைக்கண்ணில்தான் தொடங்கும். அம்மாவிடம் சொன்னேன்.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே” என்றார். பிஆர்சிடி க்ளியர் என்றாலும் வேறு வகை பிஆர்ஏ வரலாம் என்ற விளக்கத்தை எல்லாம் கேட்க அவருக்கு நேரமில்லை.

கொழும்பு நம்பருக்கு எடுத்து, அப்பன் ஆத்தா இரண்டும் குறைந்தது கேரியராக இருந்தாக வேண்டும், இனி அந்த ஜோடியைச் சேர்க்காதீர்கள் என்று சொன்னேன். “எங்க நாய்களுக்குக் கண் நல்லாத்தான் இருக்கு” என்று போனை வைத்துவிட்டார்கள். அடுத்த தரம் எடுக்கவே இல்லை. ஆனால் குட்டி வாங்கின அன்று நாங்கள் எடுத்த படத்தில், சீனியின் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் நிற்கிறார். பண்டாரவளைக்காரர், ஓய்வுபெற்ற தபாலதிபர். அன்று பேச்சுவாக்கில் கணவர் வாங்கி வைத்த நம்பர் இன்னும் போனில் இருந்தது.

“என் பையன் இருட்டுல எலி புடிக்கிறான் டீச்சர்” என்றார் அவர்.

“சந்தோஷம் ஐயா. ஆனா கேரியரும் எலி புடிக்கும்.”

அந்த வாரமே ஒரு பூடில் பெட்டையோடு சேர்ப்பதாக இருந்தாராம். நாலு கட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, அரை மணி நேரம் போனில் பாடம் நடத்தினேன். பாதியில் ஒரு கேள்வி கேட்டார்: பெட்டை க்ளியராக இருந்தால்? அப்போது உங்கள் பையன் கேரியர் என்றாலும் ஒரு குட்டிக்கும் இந்த நோயால் கண் போகாது, பாதிக்குப் பாதி கேரியராகும் வாய்ப்பு மட்டும் இருக்கும் என்றேன். என் வகுப்பில் இருந்திருந்தால் முன் வாங்கில் உட்கார வைத்திருப்பேன். பரிசோதித்ததில் தம்பி கேரியர்.

சீனிக்குக் கருப்பை எடுத்தாயிற்று, இரத்தம் நன்றாக நின்றது. படி ஒவ்வொன்றின் முன்னாலும் தும்புக் கால்மிதி போட்டிருக்கிறோம். காலில் தும்பு பட்டால் தூக்கி வைக்கிறாள். மேசை நாற்காலியை யாரும் நகர்த்துவதில்லை. பகலில் இன்னும் பந்தைத் துரத்துகிறாள், மூடுபனி இறங்கினால் மட்டும் என் காலோடு ஒட்டிக்கொள்வாள். அம்மா கொலுசிலிருந்து இரண்டு மணியைக் கழற்றித் தன் செருப்பில் கோத்துக்கொண்டார், தான் வருவது அவளுக்குத் தெரியட்டும் என்று.

போன கிழமை தபாலதிபர் ஐயா கூப்பிட்டார். பெட்டையின் சொந்தக்காரரும் சம்மதித்துவிட்டாராம், பஞ்சு தேய்த்தாகிவிட்டது. பண்டாரவளையிலும் மழை, காயவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். பக்கத்தில் எந்த ஃபெக்டரி இருக்கிறது என்று கேட்டேன்.